ஆண்டாயி பிரேக்கர்

ஆண்டாயி டீக்கடை வைத்தது லாரிக்காரர்களை நம்பி. லாரிக்காரர்களைத் திட்டாமல் அவள் ஒரு டீ ஆற்றியதில்லை.

“ஏன்டா தம்பி, பள்ளிக்கூட முக்குல மெதுவா வந்தா ஒன் ஓனரு குடி முழுகிப் போயிடுமா?”

“நடைக்குத்தான் காசுக்கா. மெதுவா வந்தா ஒரு நடை போச்சு. நீ தருவியா?”

“தரேன்டா. இந்த டீய மூஞ்சியில ஊத்தித் தரேன்.”

சிரிப்பார்கள். குடித்து முடித்து வண்டியில் ஏறினால் மறுபடி அதே வேகம்.

புங்கங்குறிச்சியை அந்தச் சாலை இரண்டாகக் கிழித்துப் போட்டிருந்தது. ஒரு பக்கம் வீடுகள். மறுபக்கம் பள்ளிக்கூடம், ரேஷன் கடை. நடுவில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள். சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குப் பாரத்தோடு போகும். கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பும். பாரத்தோடு போவது முக்கி முனகித்தான் போகும். காலியாக வருவதுதான் எமன். ஆலைப் பக்கமிருந்து வரும்போது முதலில் முத்துசாமி வீடு, அடுத்து பள்ளிக்கூட முக்கு, அதையும் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆண்டாயியின் கடை.

கடை வைப்பதற்கு முன்னால் அவள் கூலி வேலை செய்தாள். பருத்தி எடுத்தாள், மல்லி பிடுங்கினாள், மக்காச்சோளம் ஒடித்தாள். எல்லாம் பிறர் நிலத்தில். சுரங்கத்துக்காக நிலம் கைமாறியபோது நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பணம் வந்தது. அந்த நிலத்தில் குனிந்து கிடந்தவர்களுக்கு வேலை போனது. நஷ்டம் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஆண்டாயியின் பெயர் அதில் வந்திருக்காது. புருஷன் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். கொஞ்ச காலம் பணம் வந்தது. பிறகு போன் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அவள் சாலையோரம் நான்கு தகரத்தை நிறுத்தினாள், பின்னால் ஒரு செங்கல் சுவர் எழுப்பினாள், அடுப்பை மூட்டினாள். அந்த அடுப்பில்தான் மகள் வேணி டிப்ளமா சிவில் படித்து முடித்தாள்.

வேணிக்குப் பெரம்பலூரில் ஒரு ரோடு கான்ட்ராக்டரிடம் வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவாள். வந்ததும் ஆண்டாயி அதே பேச்சை எடுப்பாள்.

“ஊரூருக்கு ரோடு போடற. பெத்தவ ஊருக்கு ஒரு பிரேக்கர் போட முடியல.”

“நான் போடலம்மா. ஆர்டர் வந்தாத்தான் போட முடியும்.”

“ஆர்டர் குடுக்கறவன் எங்க இருக்கான்?”

“ஆபீஸ்ல.”

“அவன் வூட்டு வாசல்ல லாரி போவுதா?”

வேணி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மாவோடு வாதாடி அவள் ஜெயித்ததில்லை.

அந்தச் சாலையில் வேகத்தடைகளுக்குப் பெயர் உண்டு. அரசாங்கம் வைத்த பெயர் இல்லை. ஊருக்கு மேற்கே இருப்பது செல்லதுரை பிரேக்கர். செல்லதுரை கரும்பு வெட்டிவிட்டு சைக்கிளில் வந்தவன். அடுத்த ஊர் எல்லையில் இருப்பது மஞ்சு பிரேக்கர். அது கல்யாணம் நிச்சயமான பெண். ஒருவர் அடிபட்டுச் சாக வேண்டும். ஊர் திரண்டு சாலையில் உட்கார வேண்டும். அதிகாரி வருவார், சமாதானம் பேசுவார், தார் வரும். செத்தவரின் ரத்தம் எங்கே விழுந்ததோ அங்கே போடுவார்கள். பஸ் கண்டக்டர்கூட, “செல்லதுரை பிரேக்கர்ல யாரு இறங்கணும்?” என்றுதான் கேட்பார். செல்லதுரை யார் என்று அவருக்குத் தெரியாது.

யாரும் சாவதற்கு முன்னால் ஒரு பிரேக்கர் வாங்கிவிட வேண்டும் என்று நினைத்தவள் அந்தப் பகுதியிலேயே ஆண்டாயி ஒருத்திதான். திங்கட்கிழமைகளில் கடையை மூடிவிட்டு அரியலூருக்கு மனு கொடுக்கப் போனாள். திரும்பத் திரும்பப் போனாள். கடைசியாகப் போன தடவை ஒரு அதிகாரி பொறுமையாக விளக்கினார். அன்று சாயங்காலம் அவள் வேணிக்குப் போன் பண்ணினாள்.

“அந்த முக்குல ஒருத்தரும் சாவலயாம். ரெக்கார்டு இல்லையாம். செத்தாத்தான் தருவானாம்.”

“அப்படிச் சொல்ல மாட்டாங்கம்மா. விபத்துப் பதிவு இருக்கணும்னு சொல்லியிருப்பாங்க.”

“அதத்தான நானும் சொல்றேன்.”

மறுநாளிலிருந்து அவள் ஒரு சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரம், விடும் நேரம், முக்கில் போய் நின்றாள். லாரி வந்தால் நடுச்சாலையில் இறங்கித் துண்டை ஆட்டினாள். சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் மலர்கொடி பிள்ளைகளைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு கடப்பாள். அந்த நேரம் கடையில் ஆள் இருக்காது. வருகிற ஓட்டுநர்கள் தாங்களே டீ ஊற்றிக் குடித்துவிட்டுக் காசை டப்பாவில் போட்டுவிட்டுப் போனார்கள். போடாமல் போனவர்களும் உண்டு. அவர்களுக்கு மறுநாள் ஊரறியத் திட்டு விழும்.

முக்கு வீட்டு முத்துசாமிக்கு இது பிடிக்கவில்லை. வேணி அவரை மாமா என்று கூப்பிடுவாள். தூரத்து முறையில் ஆண்டாயிக்கு அண்ணன். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு வம்புக்கு இழுப்பார்.

“வண்டி நின்னாத்தான ஒனக்கு டீ ஓடும். அதுக்குத்தான இம்புட்டு ஆட்டம்?”

“ஆமாண்ணே. ஒம்பேரன் அடிபட்டா இன்னும் நல்லா ஓடும். வேடிக்க பாக்க எம்புட்டு சனம் வரும் தெரியுமா?”

“வாயக் கழுவு!”

“நீ கண்ணக் கழுவு மொதல்ல. ரோட்டப் பாரு.”

வேணி ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னாள். அந்த வேகத்தில் வருகிற வண்டி உடனே நிற்காது. பிரேக்கை மிதித்த பிறகும் ஓடும். துண்டைப் பார்த்து, அவன் புரிந்துகொண்டு, காலை மாற்றி மிதிப்பதற்குள் முக்கைத் தாண்டிவிடும். இதைக் கணக்குப் போட்டே காட்ட முடியும்.

ஆண்டாயி காய்ந்த டம்ளர்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“கணக்கு எனக்கும் தெரியும் புள்ள. நிக்கலன்னா நானு. நான் நிக்கலன்னா அதுங்க.”

புரட்டாசியில் ஒரு நாள், காலாண்டுப் பரீட்சை என்று மதியமே பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், காலி லாரி ஒன்று நிற்கவில்லை. முக்கில் அடித்தது. கடைவாசல் வரை இழுத்துக்கொண்டு வந்து நின்றது. பிள்ளைகள் இன்னும் சாலையில் இறங்கியிருக்கவில்லை. ஓட்டுநர் குதித்து வயல் வழியே ஓடிவிட்டான். அவன் காலையில் அவள் கடையில் டீ குடித்தவன் என்று பிறகு சொன்னார்கள்.

வேணிக்கு மலர்கொடிதான் போன் செய்தாள். பேசவில்லை, அழுதாள். அழுகையிலிருந்து விஷயம் தெரிந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கும் அங்கிருந்து ஊர்ப் பக்கமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை. ஊருக்கு வெகுதூரம் முன்னாலேயே லாரிகள் வரிசையாக நின்றன. இறங்கி அந்த வரிசையை ஒட்டி நடந்தாள். ஓட்டுநர்கள் டயர் நிழலில் படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இன்னொருவனிடம், “யாரோ டீக்கடை அக்காவாம், இன்னிக்கு நடை அம்புட்டுத்தான்” என்றான்.

அம்மா கடைவாசலில் கிடந்தாள். யாரோ ஒரு புடவையைப் போர்த்தியிருந்தார்கள். ஊர் சுற்றி உட்கார்ந்திருந்தது. தாசில்தார் வந்திருந்தார், போலீஸ் வந்திருந்தது. வேணியைப் பார்த்ததும் பெண்கள் ஓவென்று அழுது கட்டிக்கொண்டார்கள். அவள் புடவையை விலக்கிப் பார்த்தாள். மூடினாள். அம்மாவின் கையில் அந்தத் துண்டு இல்லை. முக்கு வரை நடந்து போய்ப் பார்த்தாள். அங்கே கிடந்தது. அந்த இடத்திலிருந்து கடைவாசல் வரை சாலையில் இருந்த தடத்தையும் பார்த்தாள். இப்படிப் பார்ப்பது அவள் படித்த படிப்பு. பார்க்காமல் இருக்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது பேச்சு முடிகிற கட்டத்தில் இருந்தது. நிவாரணத்துக்கு எழுதுகிறோம் என்றார்கள், ஓட்டுநரைப் பிடிக்கிறோம் என்றார்கள், பிரேக்கர் இன்றைக்கே என்றார்கள். பக்கத்தில் எங்கோ நடந்துகொண்டிருந்த சாலை வேலையிலிருந்து தார்க் கலவை வண்டியும் வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஆண்டாயி நடந்து நடந்து கேட்டது, அவள் செத்த அன்று சாயங்காலமே வந்து நின்றது.

“எங்க போடறீங்க?” என்றாள் வேணி.

கலவை வண்டிக்காரன் கையைக் காட்டினான். ரத்தம் இருந்த இடம். கடைவாசல்.

“இங்க இல்ல. முக்குக்கு முன்னாடி போடணும்.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“எங்கம்மா அடிபட்டது அங்க. வண்டிதான் இங்க வந்து நின்னுச்சு. புள்ளைங்க கடக்கறது அங்க. காலி வண்டி ஆலைப் பக்கத்துலேர்ந்து வருது. முக்கத் தாண்டுனப்புறம் இங்க பிரேக்கர் போட்டா யாருக்கு என்ன பிரயோசனம்?”

தாசில்தாருக்குப் புரிந்தது. “அந்தப் பொண்ணு சொல்றது சரிதான். முக்குக்கு முன்னாடின்னா… யாரு வீடு அது?”

முத்துசாமி எழுந்தார். அதுவரை தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் அழுததும் பொய் இல்லை, கண் சிவந்திருந்தது.

“சார், எங்க வூட்டு வாசல்ல வேணாம் சார். வந்து செவுத்தப் பாருங்க, ஏற்கெனவே வாயப் பொளந்து கெடக்கு. பிரேக்கர்ல லோடு வண்டி ஏறி இறங்குனா வூடே ஆடும். கல்லு வேற செதறும். செல்லதுரை பிரேக்கர் பக்கத்து வூட்டுக்காரன் கூரை ஓடெல்லாம் மாத்திட்டான், கேட்டுப் பாருங்க.”

“அகலமா, தாழ்வா போட்டா அவ்வளவு அதிராது மாமா. நான் நின்னு போடச் சொல்றேன்.”

“நீ நாளைக்குப் பெரம்பலூர் போயிடுவ. செவுரு என்னோட வூட்ல இருக்கும்.”

“அப்ப இன்னும் கொஞ்சம் முன்னாடி தள்ளி…”

பக்கத்து வீட்டுக்காரர் எழுந்தார். அவர் மருமகள் பிள்ளை பெற்று வீட்டில் இருக்கிறாள். ராத்திரியெல்லாம் வண்டி தூக்கிப் போட்டால் குழந்தை தூங்காது. அதற்கடுத்த வீட்டுக்காரர் அதற்குள் எழுந்துவிட்டார். பிரேக்கர் வேண்டும் என்று மதியத்திலிருந்து தொண்டை வற்றக் கத்தியவர்கள்தான். எல்லாருக்கும் பிரேக்கர் வேண்டும். அடுத்தவன் வாசலில் வேண்டும்.

கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் சொன்னார்: “ரத்தம் விழுந்த எடத்துல போடறதுதான் நம்ம பக்கத்து வழக்கம். அவ ஆத்மா அங்கதான் நிக்கும். அவ கடை வாசலுக்கே வந்து உசுர விட்டா மவராசி. அத மாத்தக் கூடாது.”

“அவங்க வரல தாத்தா. லாரி இழுத்துட்டு வந்துச்சு.”

தாசில்தார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இது ஊர் முடிவு பண்ண வேண்டியது, நான் எங்கே போடச் சொன்னாலும் ஒருத்தர் மறிப்பார் என்றார். போலீஸ்காரர், இருட்டிவிட்டால் இன்றைக்குப் பிரேதப் பரிசோதனை நடக்காது, நாளைக்குத்தான் என்றார்.

“முக்குல போடறதுன்னா எடுங்க. இல்லன்னா எடுக்க விடமாட்டேன்” என்றாள் வேணி.

ஈ மொய்த்தது. மலர்கொடி வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

“பொணத்த வெச்சுக்கிட்டு எடம் பேசாத கண்ணு. ஒங்கம்மா வெயில்ல கெடக்குறா.”

அதற்குமேல் அவளால் முடியவில்லை. விலகி நின்றாள். ஆம்புலன்ஸ் கதவு சாத்தியதுமே தாரைக் கொட்டினார்கள். உயரம் பார்க்கவில்லை, அகலம் பார்க்கவில்லை. ஒரு பிணத்தைப் புதைத்த மேடு போல இருந்தது.

அந்தப் பிரேக்கர் பாரத்தோடு மெதுவாகப் போகிற வண்டியை இன்னும் மெதுவாக்கியது. காலியாக வருகிற வண்டியை, முக்கைப் பறந்து தாண்டிய பிறகு நிறுத்தியது. ஓட்டுநர்கள் பழகிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது ஹாரன், ஆண்டாயியைத் தாண்டும்போது பிரேக். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் கடைவாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு பைக் அதில் ஏறித் தூக்கிப் போட்டது. “ஆண்டாயி பிரேக்கர்ப்பா, பாத்து வரக் கூடாதா?” என்று யாரோ கேட்டார். விழுந்து எழுந்தவன் முழங்கையைத் துடைத்துக்கொண்டு, “எவன்டா இந்த ஆண்டாயி?” என்றான். கடையின் செங்கல் சுவரில் ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. வேணி அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டில் ஒட்டினாள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு வாரத்தில் உடைந்தது. முத்துசாமி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அவளும் மனு கொடுக்கப் போனாள். அம்மா நின்ற அதே வரிசை. பிரேக்கரை இடம் மாற்ற வேண்டும் என்று எழுதி, அளந்து வரைந்த படமும் வைத்திருந்தாள். அதிகாரி படத்தைப் பாராட்டினார்.

“நல்லா வரைஞ்சிருக்கீங்க. ஆனா அந்த முக்குல விபத்து எதுவும் பதிவாகலையேம்மா.”

“எங்கம்மா அங்கதான் சார் அடிபட்டாங்க.”

“போலீஸ் ரெக்கார்டுல டீக்கடைக்கு எதிரிலன்னு இருக்கு. கடையை விட்டு வெளிய வந்து சாலையைக் கடக்கும்போதுன்னு.”

“கடையை விட்டு வரல சார். புள்ளைங்களுக்காக முக்குல நின்னாங்க.”

“பதிவுல அப்படி இல்லையேம்மா.”

வேணி படத்தை மடித்துப் பையில் வைத்தாள். அம்மா போனில் சொன்னது சரி என்று அப்போது ஒத்துக்கொண்டாள். சொல்வதற்கு அம்மா இல்லை.

அவள் கம்பெனியில் பிரேம் என்று ஒரு மேஸ்திரி. நல்ல வேலைக்காரன், நாக்கும் நீளம். ஒரு சனிக்கிழமை ராத்திரி வேலை முடிந்து வண்டியில் சூடு ஆறாத கலவை மிச்சம் இருந்தது. வேணி விஷயத்தைச் சொன்னாள்.

“ஆர்டர் இல்லாம கவர்மெண்ட் ரோட்டத் தொட்டா உள்ள வெச்சுருவாங்க மேடம்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“நீ வர வேணாம். வண்டிய மட்டும் குடு.”

“ரோலர ஓட்டத் தெரியுமா மேடத்துக்கு?” என்று கேட்டுவிட்டு அவனே ஏறி உட்கார்ந்தான்.

ஞாயிறு விடியற்காலை, லாரி ஓட்டம் ஓய்ந்திருந்த நேரத்தில், முக்குக்கு முன்னால் போட்டார்கள். வேணி நூல் பிடித்தாள். அகலமாக, தாழ்வாக, வளைவு சரியாக, நியாயப்படி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. வெள்ளைக் கோடும் அடித்தாள். இத்தனை வருஷ வேலையில் அவள் போட்டதிலேயே அதுதான் சுத்தமான வேலை. முதல் காலி வண்டி தூரத்திலேயே கோட்டைப் பார்த்து வேகம் குறைத்து, தொட்டில் போல ஆடி ஏறி இறங்கியது. முத்துசாமி வீட்டுச் சுவரிலிருந்து ஒரு பொடிகூட உதிரவில்லை.

அவர் எழுந்து வந்து பார்த்தார். உள்ளே போனார். கடப்பாரையோடு வந்தார். பின்னால் பக்கத்து வீட்டுக்காரர், அதற்கடுத்த வீட்டுக்காரர், அவர்கள் மகன்கள்.

“மாமா, அதிருதான்னு நீங்களே பாத்தீங்கள்ல?”

“இன்னிக்கு அதிராது. நாளைக்கு இது மேல இன்னொருத்தன் தாரக் கொட்டுவான். அப்ப நீ வருவியா?”

“ஒங்க பேரனும் இங்கதான மாமா கடக்கறான்.”

“அவன நான் பைக்குல கொண்டு வுடறேன். நீ கவலப்படாத.”

முதல் குத்து வெள்ளைக் கோட்டில் விழுந்தது. வேணி குறுக்கே போய் நின்றாள். முத்துசாமி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“ஒங்கம்மாவுக்குத்தான் ஒண்ணு போட்டாச்சே. ஒனக்கும் ஒண்ணு வேணுமா?”

சொன்ன பிறகு அவருக்கே வாய் கோணியது. திருப்பி எடுக்க முடியாத வார்த்தை. பிரேம் அவரை அடிக்கப் போனான். வேணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள். கண்ணாடியில் பார்த்தபோது கடப்பாரைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. தார் இன்னும் இறுகவில்லை. நன்றாகப் பெயர்ந்தது.

அன்று மத்தியானம் ஸ்டேஷனில் கூப்பிட்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள். இனிமேல் பொதுச் சாலையில் தடை ஏற்படுத்த மாட்டேன். கையெழுத்துப் போட்டாள்.

வேணி பிறகு ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். கடைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை மலர்கொடியிடம் கொடுத்திருந்தாள். ஐப்பசி மழை முடிந்த சமயம் மலர்கொடி போன் பண்ணினாள்.

“வேணி, ஒரு கூத்து கேளு. அன்னிக்கு அவனுங்க பேத்து எடுத்தானுங்கல்ல, அடியில இருந்த ரோட்டையும் சேத்துப் பேத்துட்டானுங்க. மழையில அது பெரிய பள்ளமாப் போச்சு. ரோட்டுக்குக் குறுக்கால. ஒரு வண்டி வேகமாப் போவ முடியல. போனா ஸ்பிரிங் பட்ட ஒடிஞ்சிடும். எல்லாவனும் நின்னு, ஊர்ந்துதான் இறங்கறான். நான் புள்ளைங்கள நிம்மதியாக் கூட்டிட்டுப் போறேன்.”

“மாமா ஒண்ணும் சொல்லலையா?”

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லுவான்? தோண்டினவனே அவன்தான. நாற்காலிய வூட்டுக்குள்ள எடுத்துப் போட்டுக்கிட்டான்.”

வேணி போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் சிரித்தாள். அறையில் யாரும் இல்லை. பிறகு அழுதாள். பிரேக்கருக்கு ஆர்டர் வேண்டும், பதிவு வேண்டும், ரத்தம் வேண்டும், ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும். பள்ளத்துக்கு எதுவும் வேண்டாம். பள்ளம் எங்கே விழுந்தாலும், ஏன் விழுந்தது என்று இந்த நாட்டில் யாரும் கேட்பதில்லை.

ஆனால் லாரி முதலாளிகள் கேட்டார்கள். பட்டை ஒடிகிறது, நடை குறைகிறது என்று போய்ச் சொன்னார்கள். அவர்களுக்கு யாரும் பதிவு கேட்கவில்லை. அந்த வாரமே உத்தரவு வந்தது. அந்தச் சாலையின் பராமரிப்பு வேலையை எடுத்திருந்தது வேணியின் கம்பெனி. முதலாளி கூப்பிட்டார்.

“ஒங்க ஊருப் பக்கந்தாம்மா. பள்ளமெல்லாம் மூடணும். தெரிஞ்ச எடம், நீயே போய் முடிச்சிட்டு போட்டோ அனுப்பிடு.”

வழியிலிருந்த பள்ளங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தார்கள். புங்கங்குறிச்சி முக்குக்கு வரும்போது பள்ளிக்கூடம் விடும் நேரம். வேணி இறங்கினாள். மலர்கொடி சொன்னதைவிடப் பெரிதாக இருந்தது. ஓரமெல்லாம் உடைந்து, அடியில் ஜல்லி தெரிந்தது. காலி லாரி ஒன்று வந்தது. தூரத்திலிருந்தே வேகம் குறைத்தது. பள்ளத்தின் ஓரத்தில் நின்று, ஒரு சக்கரத்தை இறக்கி, முனகிக்கொண்டு ஏறியது. பின்னால் வந்ததும் நின்றது. மலர்கொடி கையைத் தூக்கக்கூட இல்லை. நின்ற லாரியின் மூக்குக்கு முன்னால் பிள்ளைகள் பேசிக்கொண்டே கடந்தார்கள். ஒருத்தி பாதிச் சாலையில் நின்று செருப்பைச் சரிசெய்துகொண்டு போனாள்.

பிரேம் மண்வெட்டியோடு வந்தான். “கொட்டவா மேடம்?”

வேணி பிள்ளைகள் கடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், வண்டி நிக்குது.”

“கலவை எவ்வளவு இருக்கு?”

“இதுக்குப் போதும்.”

“திருமானூர் ரோட்டுல ஒரு பள்ளம் பாத்தமே. அங்க கொட்டிடு.”

“இது?”

அவள் போனை எடுத்தாள். காலையில் மூடிய பள்ளத்தை வேறு பக்கத்திலிருந்து எடுத்த படம் ஒன்று இருந்தது. அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். ஒரே பள்ளத்தை மூன்று பக்கம் நின்று படம் எடுத்தால் மூன்று பள்ளத்துக்குப் பில் போடலாம். அவள் ஒருத்திதான் அதுவரை செய்ததில்லை. அதற்காகக் கம்பெனியில் அவளுக்குச் சட்டக் கல்லூரி என்று பட்டப்பெயர். படத்தை முதலாளிக்கு அனுப்பினாள். கீழே, ‘புங்கங்குறிச்சி முக்கு. வேலை முடிந்தது’ என்று எழுதினாள்.

பிரேம் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான்.

“செக்கிங் வந்தா மேடம்?”

“வர மாட்டாங்க.”

“லாரிக்காரன் திரும்பப் போய்ச் சொன்னா?”

“மூடினது மழையில போயிடுச்சுன்னு சொல்லுவோம். மறுபடி ஆர்டர் போடுவாங்க. மறுபடி நாமதான் வருவோம்.”

“எத்தன நாளைக்கு மேடம்?”

“தெரியல.”

வண்டியில் ஏறினார்கள். டிரைவர் புதியவன், அந்த ஊர் தெரியாதவன். பள்ளத்தை மூடியாகிவிட்டது என்று நினைத்து விட்டான். வண்டி விழுந்து எழுந்தது. தலை கூரையில் இடித்தது. வலியில் அவன், இந்த ரோட்டுக்குக் காரணமானவனின் அம்மாவை இழுத்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பிரேம் அவன் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தான். எதற்கு அடி விழுந்தது என்று அவனுக்குப் புரியவில்லை.

வேணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.